மூத்தவ ஊத்து

எங்கள் ஆற்றை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆறு என்றால் ஆறு, அவ்வளவுதான். ஐப்பசி கார்த்திகையில் மழை ஏமாற்றாவிட்டால் சில நாள் செக்கச்செவேலென்று ஓடி, வெம்பக்கோட்டை அணையில் போய்ச் சேரும். மற்ற நாளெல்லாம் மணல். பாலம் கட்டியபோது ஏதோ ஒரு பெயரை எழுதிப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். இன்றுவரை எங்கள் ஊரில் ஒருத்தர் வாயிலும் அது வந்ததில்லை. தண்ணீர் போன பிறகு பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

எங்களுக்குத் தெரிந்த பெயர்களெல்லாம் மணலுக்குள் இருந்தன. கோடையில் முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். அந்தக் குழிதான் ஊத்து. யார் முதலில் தோண்டினாரோ அவர் பெயர் அதற்கு ஒட்டிக்கொள்ளும். கீழவீட்டு ஊத்து, டீச்சர் ஊத்து, என் அக்கா தோண்டிய மூத்தவ ஊத்து. வெள்ளம் வந்தால் எல்லாவற்றையும் மூடிவிடும். வடிந்ததும் அவரவர் இடத்தை அவரவர் திரும்பத் தோண்டுவார்கள். அடுத்தவள் இடத்தில் மண்வெட்டி வைத்தால் அன்றைக்கு ஆற்றில் சண்டைதான்.

அக்காவின் இடம் கரையோரம், ஒரு புங்கமரத்துக்கு நேரே. அங்கே கரை உவர்மண். அதனால் அவள் ஊத்துத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும்.

"மூத்தவ ஊத்துல கஞ்சி காச்சுனா உப்பு மிச்சம்டி" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அக்கா முறைத்துக்கொண்டே வீட்டுக்கு அதைத்தான் சுமப்பாள். அம்மாவுக்கும் அந்த ருசி பழகிவிட்டது. வேறு வீட்டில் தண்ணீர் கொடுத்தால், "சப்புன்னு இருக்கு" என்று பாதியில் வைத்துவிடுவாள்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அக்காவுக்கு வேலை. சாயங்காலம் வேன் பாலத்தில் இறக்கிவிட்டதும் பெண்கள் நேரே ஆற்றுக்குத்தான் வருவார்கள். உடம்பெல்லாம் வெடிமருந்து, கழுவாமல் எப்படி அடுப்புப் பக்கம் போவது? ஆட்காட்டிக் குருவிகள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தும். அவை மணலில் முட்டையிடும். யாரும் மிதித்துவிடக் கூடாதென்று அக்கா சுற்றிலும் கல் அடுக்கி வைப்பாள்.

தீபாவளி சீசன் நேரத்தில் ஒருநாள் வேன் அவள் இல்லாமல் வந்தது. அவள் வேலை பார்த்த அறை வெடித்துவிட்டது. அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

அந்த வருசம் வெள்ளம் வடிந்ததும் ஆற்றுக்குப் போனால், அவளோடு வேலைக்குப் போன பெண்கள் தங்கள் ஊத்துகளைத் தொடாமல், முதலில் அவள் ஊத்தைத் தோண்டி வைத்திருந்தார்கள். பிறகு வருசா வருசம் அப்படித்தான். அவள் நினைவு நாளில் அம்மா அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்து படையலில் வைப்பாள்.

அப்புறம் மணலும் போனது. லாரி லாரியாக அள்ளினார்கள். கேட்டவர்களை மிரட்டினார்கள். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருந்ததே அந்த மணல்தான். அது போனதும் அடியிலிருந்த களிமண் வெளியே தெரிந்தது, சீமைக்கருவேலம் முளைத்தது, ஆட்காட்டிகளைக் காணவில்லை. வீடுகளுக்குக் கேன் தண்ணீர் வந்தது.

இந்த வருசம் நினைவு நாளன்று அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அங்கன ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"அவ ஊத்து வத்தாது. தோண்டாமக் கெடக்கு, அம்புட்டுத்தான்."

பக்கத்து வீட்டு மதினி மண்வெட்டியோடு கூட வந்தாள். அக்காவோடு ஒரே வேனில் போனவள். அன்றைக்கு வேறு அறையில் இருந்ததால் பிழைத்தாள். குடிக்க வேண்டுமே என்று இடுப்பில் ஒரு குடம் கேன் தண்ணீரும் வைத்திருந்தாள்.

புங்கமரம் நின்றதால் இடம் தெரிந்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி வெட்டினோம். முழங்கால் ஆழம் போயும் கறுத்த களிதான். வெயில் தாளாமல் அம்மா மரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மதினி என்னைப் பார்த்தாள். நான் குழியை விட்டு விலகி நின்றேன். குடத்தை மெல்லக் குழிக்குள் சரித்தாள். களியில் தண்ணீர் அப்படியே நின்றது.

"அத்தே, ஊறிருச்சு, வாங்க" என்றாள்.

கலங்கல் தெளியும்வரை அம்மா குழி ஓரமாகக் குந்தியிருந்தாள். பிறகு கையில் அள்ளி ஒரு வாய் குடித்தாள். விழுங்க நேரமானது. எங்கள் முகத்தைப் பார்க்காமலே சொம்பை நிரப்பினாள். "நல்லாருப்ப தாயி" என்று மதினியிடம் சொன்னாள்.

வீட்டில் அக்கா படத்துக்கு முன்னால் இலை போட்டு எல்லாம் பரிமாறியாயிற்று. சொம்பை வைக்கப்போன அம்மா, அப்படியே அடுப்படிக்குத் திரும்பினாள். உப்பு ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சொம்பில் போட்டாள். விரலால் கலக்கி, நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போட்டாள்.

பிறகு அதை இலைக்குப் பக்கத்தில் வைத்து, "ஒன் ஊத்துத் தண்ணிதான் தாயி, குடி" என்றாள்.