ஏழாவது வாக்குறுதி

சரவணம்பட்டி நிறுத்தத்தில் சத்தியமங்கலம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். காலையில் குடித்த இரண்டு டீயும் அடிவயிற்றை முட்டுகின்றன. ஒதுங்க ஒரு மறைவு இல்லை; திரும்பிய பக்கமெல்லாம் கண்ணாடிக் கட்டடங்கள்தான்.

கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கும் பெண் ஒருத்தி பத்துப் பேரோடு வருகிறாள். நான் எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் காலில் விழுந்து, கையில் நோட்டீஸைத் திணிக்கிறாள்.

"சீப்புச் சின்னமுங்க ஆத்தா. என்னென்ன செய்யப்போறேன்னு படிச்சுப் பாருங்க."

எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். அதை அவர்கள் முன்னால் காட்டிக்கொள்வேனா? முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டி, சத்தமாகவே படிக்கிறேன். அலங்கார வளைவு. கேமரா. பூங்கா. பத்துப் பேரும் வெயிலில் காத்து நிற்கிறார்கள். ஏழாவதாகத்தான் பெண்களுக்குக் கழிப்பறை வருகிறது.

"ஏனுங்க அம்மணி, இந்த ஏழாவதை மட்டும் இப்பவே செஞ்சு குடுப்பீங்களா? என்னால தாங்க முடியலீங்க."

அவள் கையிலிருந்த நோட்டீஸ் கட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுக்கிறாள். பிறகு, "ஊடு பக்கத்துலதானுங்க, வாங்க" என்று கைபிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள்.

நிம்மதியாக வெளியே வருகிறேன். நிறுத்தத்தில் நின்ற நாலு பெண்கள் அவள் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள்.

"உங்களுக்கெல்லாம் எந்த வார்டுங்க?" என்று ஆசையாகக் கேட்கிறாள்.

"நாங்க சத்தியமங்கலத்துக்காரங்கங்க" என்கிறாள் முதலில் நிற்பவள்.

"எனக்கும் ஓட்டு அங்கதானுங்க" என்கிறேன்.

ஓட்டுக் கேட்டு வந்தவள் பேனாவை எடுத்து, என் நோட்டீஸில் ஏழு என்பதை அடித்து ஒன்று என்று எழுதுகிறாள்.

"முதல்ல இதைக் கட்டிப்போடோணுமுங்க. இல்லீனா என்ற ஊட்டுக்குள்ள நானே வரிசையில நின்னுதான் போகோணும்."