ஆசீர்வாதம் அண்ணனின் இரண்டாவது சாவி

காலை ஏழரை மணிக்குச் செய்தி வந்தது. டிராக்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் செய்தவர் குடுபல்லி ராஜண்ணா. ஆசீர்வாதம் அண்ணன் திருப்பதி ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் போய்விட்டார் என்றார். யார் சொன்னது, நேரில் பார்த்தவர் யார் என்று கேட்டேன். ராஜண்ணாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சாவுச் சேதியில்கூடவா இந்தக் கேள்வி என்று வைத்துவிட்டார். நான் விடவில்லை. இன்னும் இரண்டு பேருக்குப் போன் போட்டேன். இரண்டு பேரும் அதையே சொன்ன பிறகுதான் டீசல் கேனை மூடிக் கீழே வைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பார்த்திருந்தால் அழுததற்காகத் திட்டியிருப்பார். விசாரித்ததற்காகத் திட்டியிருக்க மாட்டார்.

சித்தூர் ஜூஸ் பேக்டரி வாசலில் மாங்காய் டிரெய்லரை நிறுத்திவிட்டு நாள் கணக்கில் காத்துக்கிடந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய சபைக்காரர்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அவ்வப்போது வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பாரே, அது பக்திக் குறைவு இல்லை. வெளியே நிற்கும் வண்டியைப் பார்ப்பார். பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்.

எங்கள் தொழிலில் பூட்டு பெரிய விஷயம். சீசனில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிரெய்லர் கேட்டுக்கு வெளியே ஒன்றரை நாள், இரண்டு நாள் வரிசையில் நிற்கும். டிராக்டரையும் கூடவே நிறுத்திவைத்தால் வேறு வேலை பார்க்க முடியாது. அதனால் டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு டிராக்டரோடு போய்விடுவோம். டிரெய்லரின் முன்கம்பி நுனியில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். அந்த வளையத்தில் டிராக்டரின் இணைப்பு ஆணியைச் செருகினால் எவன் வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம். அதற்காகத்தான் வளையத்துக்குள் பூட்டு. பூட்டு கிடந்தால் ஆணி நுழையாது.

அந்தப் பூட்டை அண்ணன் வாங்கும் அழகைத் திருப்பதிக் கடைத்தெருவில் ஒருமுறை கூடவே இருந்து பார்த்தேன். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். அண்ணன் அதைத் தொடவே இல்லை. பளபளப்பு எதை மறைக்கிறது என்று கேட்டார். பிறகு பழைய ஸ்டாக்கில் இருந்து கனமாக ஒன்றை எடுத்து, வளைவுக்கும் உடம்புக்கும் நடுவே கம்பி நுழைகிறதா என்று பார்த்தார். நுழைந்தால் நெம்பிவிடுவான். கடைக்காரரிடமே சுத்தியல் வாங்கித் தட்டினார். சாவியைப் பாதி மட்டும் நுழைத்துத் திருப்பினார். கடைசியில் மற்ற நான்கு பூட்டுகளின் சாவிகளைக் கேட்டு, ஒவ்வொன்றையும் இதில் போட்டுப் பார்த்தார். கடைக்காரர் என்னைப் பார்த்து, இவரை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதுபோலச் சிரித்தார். எனக்கும் அன்றைக்கு மானம் போனது. அந்த ஒரு பூட்டைக் கடைசி வரைக்கும் அவர் மாற்றவில்லை.

வாங்கியதோடு விடமாட்டார். மாங்காய்ச் சாறு முன்கம்பியில் வழிந்து பூட்டுக்குள் இறங்கும். இறங்கினால் எறும்பு வரும், புழுதி ஒட்டும், அடுத்த வாரம் சாவி திரும்பாது. நாங்கள் எல்லாம் என்ஜின் ஆயிலை ஊற்றுவோம். அவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆயில் புழுதியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் என்பார். டீசலில் கழுவி, வெயிலில் காயவைத்து, பென்சிலைச் சுரண்டி அந்தத் தூளைச் சாவித் துவாரத்தில் ஊதுவார். சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டித் துவாரத்துக்கு மூடி போடுவார். சனிக்கிழமை தவறாது. அவர் விரல் நுனி எப்போதும் கருப்பாகவே இருக்கும்.

வரிசை நகரும்போதுதான் வம்பு. முன்னால் இருக்கும் டிரெய்லரின் சொந்தக்காரன் சாவியை ஜேபியில் போட்டுக்கொண்டு நகரிக்குப் போயிருப்பான். பின்னால் முப்பது வண்டிக்காரன் கத்துவான். அதற்காக எல்லோருடைய இரண்டாவது சாவியும் அண்ணனிடம் இருக்கும். கேட்டில் வரிசையை இழுத்துவிடுவது அவர் டிராக்டர். சீட்டுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் சாவிகள். ஆனால் சாவியைச் சும்மா கொடுத்தால் வாங்க மாட்டார். சின்னத் துணிப் பையில் போட்டு, வாயை நம் வீட்டிலேயே தைத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுத் தையலும் ஒவ்வொரு மாதிரி. அவசரத்துக்குப் பிரித்தால் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துப் பிரிப்பார். மறுபடி நாம் தைத்துத் தர வேண்டும். என் மனைவி வசந்தா பச்சை நூலில் தைத்துக் கொடுத்தாள். பையில் பேர் எழுதட்டுமா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"பேரு எய்தாத. எவன் சாவி எவன் கைல கீதுன்னு வாயாலயும் சொல்லாத. நான் தெறந்தா ஒனக்குத் தெரியணும், அதுக்குத்தான் தையலு. என்னையும் நம்பாத."

இப்படிச் சொல்கிற மனிதரை எப்படி நம்புவது? நான் கொஞ்சம் கொஞ்சமாக அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். இன்னொன்றும் உறுத்தியது. ஊர்ச் சாவி எல்லாம் இவரிடம் இருக்கிறதே, இவருடைய இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது? யாருக்கும் தெரியாது. எல்லோரிடமும் வாங்கிக்கொண்டு யாரிடமும் கொடுக்காதவர் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய சீசனில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து திருப்பதியில் ஒரே பெட்டியில் இருந்து ஏழு பூட்டு வாங்கினோம். மொத்தமாக எடுத்தால் சல்லிசு. அண்ணன் வேண்டாம் என்றார். ஆளுக்கு ஒரு கடையில் வாங்குங்கள் என்றார். காரணம் கேட்டதற்கு, "ஒரே பொட்டி ஏன் அவ்ளோ சல்லிசா குடுக்கறான்?" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டோம்.

பூட்டு போட்டுப் பத்து நாள் இருக்கும். நகரியில் சொந்தக்காரர் கல்யாணம். காலி டிரெய்லரைப் பேக்டரிக்கு எதிர்மைதானத்தில் பூட்டிவிட்டுப் போனேன். மத்தியானம் வந்து பார்த்தால் டிரெய்லர் இல்லை. எனக்கு இருந்தது அந்த ஒரு டிரெய்லர்தான். அது இல்லாவிட்டால் டிராக்டர் இருந்தும் பிரயோஜனம் இல்லை. கீழே தேடினேன். உடைந்த பூட்டுத் துண்டு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் சாவி போட்டுத் திறந்திருக்கிறான். ஒரு சாவி என் இடுப்பில் இருக்கிறது. இன்னொன்று?

நேராக அண்ணனிடம் போய், எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் முகம் மாறவே இல்லை. டின்னைத் திறந்து என் பையை எடுத்துக் காட்டினார். பச்சைத் தையல் அப்படியே இருந்தது. எனக்கு அது போதவில்லை. பச்சை நூல் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றேன்.

"அதுவும் சரிதான்," என்றார் அண்ணன். "மொதல்ல என்னத்தான் கேக்கணும். சரியாத்தான் கேட்ட."

குற்றவாளி இவ்வளவு நிதானமாகப் பேசுவானா, இல்லை குற்றவாளிதான் இப்படிப் பேசுவானா? நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அவர் பேரைச் சொன்னேன். மறுநாள் காலையில் இருந்து சாயங்காலம் வரை, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையில், அவர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கிரேஸ் அக்கா சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். என் பக்கம் திரும்பவே இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் அண்ணன் மைதானத்துக்கு வந்தார். நிற்கும் டிரெய்லர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். ஓரத்தில் நின்ற ஒரு நீல டிரெய்லர் பக்கத்தில் நின்றுவிட்டார். மூன்று நாளாக இதை எவனும் தொடவில்லையே, யாருடையது என்று கேட்டார். சொந்தம் கொண்டாட யாரும் வரவில்லை. என்னைக் கூப்பிட்டு என் சாவியைக் கேட்டார். அதைக் கொண்டுபோய் அந்த டிரெய்லரின் பூட்டில் நுழைத்துத் திருப்பினார். திறந்துகொண்டது. மைதானத்தில் இருந்த மற்ற பூட்டுகளிலும் போட்டார். எங்கள் பெட்டிப் பூட்டு அத்தனையும் என் ஒரே சாவிக்குத் திறந்தன.

நடந்தது இதுதான். அந்த நீல டிரெய்லர், எங்களோடு பூட்டு வாங்கிய ராஜண்ணாவுடையது. எங்கள் இருவருடையதும் ஒரே பட்டறையில் செய்தது, ஒரே பெயிண்ட், நம்பர் எல்லாம் புழுதியில். ராஜண்ணாவிடம் புதிதாகச் சேர்ந்த டிரைவர், ஊருக்கு டிரெய்லரை எடுத்துவரச் சொன்னதும், வந்து என் பூட்டில் சாவியைப் போட்டிருக்கிறார். திறந்தது. திறந்தால் அது நம் டிரெய்லர்தானே? சாந்திபுரம் பக்கம் ஒரு தோப்பில் என் டிரெய்லர் பத்திரமாக நின்றிருந்தது. திருடனே இல்லை. காணாமல்போன ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்த நான், அதிகமாக நின்ற ஒன்றைப் பார்க்கவே இல்லை.

டிரெய்லர் திரும்பி வந்த அன்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். சந்தேகத்தை எங்கள் பக்கத்துத் தெலுங்குப் பேச்சில் அனுமானம் என்போம். அந்தச் சொல்லால்தான் அவர் பதில் சொன்னார்.

"அனுமானப்பட்டது தப்பில்ல, முனிரத்னம். மொத ஆளோட நிறுத்திக்கின பாரு, அதான் தப்பு."

சொல்லிவிட்டு என் உள்ளங்கையில் ஒரு துணிப் பையை வைத்து மூடினார். தொலைக்காமல் வைத்துக்கொள் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் சாவியைத் திருப்பித் தருகிறார், இனிமேல் உன் சங்காத்தமே வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் தையல் வெள்ளை நூலில் இருந்தது. அப்படியானால் ஏதோ ஒரு சமயம் பச்சைத் தையலைப் பிரித்திருக்கிறார்! பெட்டிப் பூட்டை எல்லாம் அதற்குள் தூக்கிப் போட்டுவிட்டோம், அந்தச் சாவி யாருக்கும் உதவாது. பையைப் பிரிக்காமலே காலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். மன்னிப்புக் கேட்ட வாயோடு, மனசுக்குள் மறுபடியும் அவரைச் சந்தேகப்பட்டேன்.

அடுத்த சீசனில் ஒருநாள், புதுப் பூட்டுக்குச் சாவி தைத்துத் தரவில்லையா என்று கேட்டார். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து, என்னிடமே இருக்கட்டும் என்றேன். அதுவும் சரிதான் என்று போய்விட்டார். அதன் பிறகும் வருஷக்கணக்கில் சேர்ந்து டீ குடித்தோம், சேர்ந்து வரிசையில் நின்றோம். வெள்ளை நூலைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

அவர் போன அன்று நான் சித்தூர் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. திருப்பதியில் இருந்து உடல் மூன்று மணிக்கு வரும் என்றார்கள். வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு அவருடைய டிரெய்லர் நின்றது. அதை நகர்த்தினால்தான் பந்தல் போட முடியும், சவப்பெட்டியை இறக்க முடியும். வளையத்தில் அந்தப் பழைய பூட்டு. சாவியைப் பனியனில் ஊக்குப் போட்டு மாட்டியிருப்பார். ஆஸ்பத்திரியில் துணி மாற்றியபோது எங்கே போனதோ தெரியவில்லை. கேஸ் கட்டர் கொண்டுவந்து அறுத்துவிடலாம் என்றார் ராஜண்ணா. கிரேஸ் அக்கா உள்ளே இருந்து வந்தார்.

"அறுக்க வேணாம். ரெண்டாவது சாவி முனிரத்னம் கைல கீது."

என்னிடம் இல்லை அக்கா என்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஸ்டேஷன் பெஞ்சில் அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அக்கா பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். அடியில் ஒரு பை இருந்தது. வசந்தாவின் பச்சைத் தையல், ஒரு கண் பிரியாமல். என் பழைய சாவி இங்கேயே இருக்கிறது. அப்படியானால் என் வீட்டு ஆணியில் தொங்குவது என்ன?

பைக்கை எடுத்தேன். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. வெள்ளை நூலைப் பல்லால் கடித்து, வாசலில் எல்லோர் முன்னாலும் பிரித்தேன். உள்ளே இருந்த சாவியில் பென்சில் தூள் அப்பியிருந்தது. டியூப் மூடியை ஒதுக்கிவிட்டு நுழைத்தேன். ஆறு வருஷம் தொடாத சாவி வெண்ணெயில் போவது மாதிரி திரும்பியது. டிரெய்லரை இழுத்து ஓரம் கட்டினோம். மூன்று மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் சாவியைக் கிரேஸ் அக்காவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. ஊரில் இத்தனை பேர் இருக்கும்போது ஏன் என்னிடம் கொடுத்தார் அக்கா என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். ஒங்கள ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சவனாச்சேன்னு சண்ட போட்டேன். அவரு சொன்னாரு: என்னையே நம்பாதவன். எவன் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டான். அவன் கைலயே இருக்கட்டும்."

நண்பர்களே, அவரிடம் இருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சாவிதான். பூட்டைச் சனிக்கிழமைதோறும் நான்தான் போய், திறக்காமலே கழுவிப் பென்சில் தூள் போட்டுவிட்டு வருகிறேன். வசந்தா சாவியைப் பழையபடி பையில் போட்டு வெள்ளை நூலிலேயே தைத்துக் கொடுத்தாள், காலண்டருக்குப் பின்னால் அதே ஆணியில் மாட்டியிருக்கிறேன். நான் அவரைச் சந்தேகப்பட்ட ஆறு வருஷமும் அவர் சாவி என் வீட்டில்தான் இருந்தது.