இலைப் படம் போட்ட பிஸ்கட்

டில்லி துவாரகாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஆறு வருஷமாக ராகி பிஸ்கட் விற்றுவந்தாள் பாளையங்கோட்டைக்காரி ஜூலியா. பிஸ்கட் கம்பெனி தந்த பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களிடம் ருசி பார்க்கத் தட்டை நீட்ட வேண்டும். ஜனங்கள் எதில் மயங்குவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. பாக்கெட் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும், அட்டையில் பச்சை இலை வேண்டும், தெரிந்தவர் கூடையிலும் அதுவே கிடக்க வேண்டும். அப்புறம் ஒருத்தரும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கமாட்டார்கள்.

அவளே பார்க்கவில்லை என்பதுதான் கொடுமை. ராகிதானே என்று, சர்க்கரை வியாதிக்காரரான கணவர் ஜெபதுரைக்கு தினமும் டீயோடு ஆறு பிஸ்கட் கொடுத்தாள். சர்க்கரை முந்நூறைத் தாண்டியபோது டாக்டர் பாக்கெட்டை வாங்கிப் பின்பக்கத்தை வாசித்தார். முதலில் மைதா, அடுத்தது சர்க்கரை, ராகி நூற்றுக்கு நாலு. ஊருக்கு விற்ற வாயாலேயே வீட்டுக்காரரையும் ஏமாற்றியிருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது. பிறகு கோபம் வந்தது.

மறுநாள் கடை திறக்குமுன் அத்தனை பாக்கெட்டையும் பின்பக்கம் தெரியும்படி அடுக்கினாள். சிலர் வாசித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்கள். சிலர் வாசித்தும் வாங்கினார்கள். அது அவர்கள் பாடு.

டில்லியிலேயே பிறந்து வளர்ந்த மேனேஜர் ராஜகோபாலன் பதறி ஓடிவந்தார்.

"என்னம்மா பண்ணிருக்கீங்க? நாலு மணிக்குக் கம்பெனி ஆபீசர் வர்றார். ஜல்தி திருப்பி வைங்க!"

"வைக்க மாட்டேன் சார்."

வேலை போனால் மகள் பெனிட்டாவின் நர்சிங் படிப்பு பாதியில் நிற்கும். அது தெரிந்துதான் சொன்னாள்.

நாலு மணிக்கு வந்த ஆபீசர் அலமாரியைப் பார்த்துக் கொதித்தார். ராஜகோபாலன் நல்ல மனுஷர். "தெரியாம நடந்துபோச்சு" என்று இந்தியில் சமாளித்து, ஜூலியாவைக் கண்ணால் கெஞ்சினார். அவள் தலையாட்டினால் போதும், பிழைத்துவிடலாம்.

"தெரிஞ்சேதான் செஞ்சேன்" என்றாள் அவளும் இந்தியில். "நீங்க அச்சடிச்சதைத்தானே காட்டுறேன்? அதைப் பார்த்து நீங்களே ஏன் பயப்படுறீங்க?"

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் ஆபீசர். ஜூலியா கோட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள்.

வாசல்வரை பின்னாலேயே வந்தார் ராஜகோபாலன். "ஒரு சாரி சொல்லியிருக்கலாமேம்மா?"

"பிஸ்கட் விக்கத்தான சார் வரக்கூடாது? நாளைக்குக் கூடையத் தூக்கிட்டுச் சாமான் வாங்க வாறேன். பக்கத்துல நிக்கவங்ககிட்ட வாசிச்சும் காட்டுவேன். யாரு தடுக்கான்னு பாப்போம்."