அப்பா கழற்றி வைத்த காது மிஷின்

ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பாதி ஆண்களுக்குக் காது மந்தம். இரும்பு அடிக்கும் பிரிவில் வேலை பார்த்தால் வேறென்ன ஆகும்? அதை யாரும் நோயாக நினைக்கவில்லை. சத்தம் போட்டுப் பேசிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம். என் அப்பாவும் அந்தப் பிரிவுதான்.

அவர் ரிட்டயராக நாலைந்து வருஷம் இருக்கும்போது டாக்டர் காது மிஷின் எழுதிக் கொடுத்தார். "உப்பைக் குறைங்க, தினமும் நடங்க, நாலு பேரோட பேசுங்க. காது கேக்காம வீட்டோட உக்காந்துட்டா மூளையும் சோம்பேறி ஆயிடும்" என்றார். அப்பா சொன்னபடி கேட்டார். சட்டைப்பையில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர். மாலையில் நண்பர்களோடு அண்ணனூர் ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வந்து, வழியில் அடித்த அரட்டை முழுவதையும் அம்மாவிடம் ஒப்பிப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு அந்த ஒயர்தான் கண்ணை உறுத்தியது. சம்பந்தம் தட்டிப்போய்விடுமோ என்று பயந்தேன். பயம் என்று சொல்வதுகூடப் பொய். வெட்கம்.

"அதைக் கழட்டி வைங்கப்பா, அசிங்கமா இருக்கு."

என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கழற்றினார். வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டினார். சம்பந்தம் முடிந்தது. சர்ச்சில் என் கல்யாணத்தன்றும் அவர் மிஷினைப் போடவில்லை. அப்புறம் போடவே இல்லை. போடுங்கள் என்று நானும் சொல்லவில்லை. எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

கொஞ்ச நாளில் நடை நின்றது. நண்பர் ஒருவர் என்னிடமே அலுத்துக்கொண்டார். "கத்திக் கத்தி தொண்ட கட்டிகினதுதாம்மா மிச்சம். இன்னா சொன்னாலும் சிரிச்சிகினே கீறாரு."

ரிட்டயரான பிறகு டிவி முன்னால் நாற்காலியே கதி. எதைக் கேட்டாலும் சம்பந்தமில்லாத பதில் வரும். காதில் விழவில்லை என்று நாங்கள் இன்னும் உரக்கக் கத்துவோம். காது மந்தமான வீடுகளில் அதுதானே வழக்கம்! அந்தக் கத்தலிலேயே இரண்டு வருஷம் போய்விட்டது. ஒருநாள் பால் வாங்கப் போனவர், எந்த பஸ்ஸில் ஏறினோம் என்று தெரியாமல் கரையான்சாவடியில் நின்றிருந்தார்.

மறுபடி டாக்டர். அவர் கத்தவில்லை. ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று பிசிறில்லாமல் வாசித்தார். பிறகு பதிலுக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"மிஷினை ஏன் விட்டார்? அதனாலதான் இப்படின்னு சொல்ல மாட்டேன். ஆனா நடையும் பேச்சும் இருந்திருந்தா, இது கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம்" என்றார் டாக்டர்.

என் கணவர் பின்னால் நின்றிருந்தார். அம்மா என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்: "காது புண்ணாகுதுன்னு அவரே கழட்டிட்டாருங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நானும் ஆமாம் என்றேன்.