கதவு நிலைக்கு மேல் வைத்த பிடில்

1996 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இருபத்திரண்டாம் திகதி, சனிக்கிழமை, கல்முனையில் எங்கள் வீடு சாம்பிராணிப் புகையோடு விடிந்தது. மற்ற வாரங்களில் வியாழக்கிழமை பின்னேரம் மட்டும் சாம்பிராணிச் சட்டியைத் தொடுகிற உம்மா, அன்று சுபஹு தொழுத கையோடு அதை ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தார். புகையைத் தவிர மற்றதெல்லாம் வழக்கம்போலவே நடந்தது. வாப்பா பாண் வாங்க சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நான் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, முற்றத்து மணலில் ஈர்க்கில் கோடுகள் கோணாமல் கூட்டி, கிணற்றடித் தொட்டியை நிரப்பினேன். ராத்தா குசினி வாசலில் குந்தியிருந்து தலை வாரினாள். ராத்தா என்றால் என் ஒரே அக்கா, பெயர் பரீதா. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினொன்று.

இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி அவளுக்கு. சீப்பில் சிக்கிய முடியைக் கண்ட இடத்தில் போட எங்கள் வீட்டில் யாருக்கும் அனுமதியில்லை. அதைச் சுருட்டிக் குசினிக் கூரையின் தென்னோலைக் கிடுகு இடுக்கில் செருகி வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை காலையில் உம்மா எல்லாச் சுருள்களையும் எடுத்து முருங்கையடியில் புதைப்பார். "பொம்புளட முடி மண்ணுக்குள்ள போகணும், இல்லாட்டி ஆர்ட கைக்குள்ள போகும் எண்டு தெரியா" என்பார். சூனியக்காரரின் கையைத்தான் அவர் சொன்னார். பெண்ணொருத்தியின் முடியை மந்திரித்து வாசலில் வைத்தால் அந்த வாசலைத் தாண்டுகிற ஆண் அவளுக்கே அடிமையாகிப் பெற்ற தாயையும் மறந்துவிடுவான் என்று எங்கள் தெருவில் படித்தவர்களும் நம்பினார்கள். நம்பாதவர்களும் முடியைப் புதைத்தார்கள்.

அந்த முடியில்தான் ராத்தா பிடில் வாசித்தாள். பிடில் உம்மாவுக்குத் தெரியும், முடி தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்குப் போயிருந்தபோது கடற்கரையில் ஒருவன் சிரட்டைப் பிடில் விற்றுக்கொண்டு நின்றான். வாங்கி வந்தது நாலாம் நாள் உடைந்தது. நான் அழுதேன், ராத்தா அதை முழுவதுமாகப் பிரித்துப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியதும் அவள் தன்னுடையதைச் செய்ய ஆரம்பித்தாள். பெரிய சிரட்டையொன்றை உடைந்த பீங்கானால் சுரண்டி உள்ளும் புறமும் வழுவழுப்பாக்கி, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுத்த ஆட்டின் தோலில் ஒரு துண்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து மயிர் நீக்கி, ஈரத்தோடு இழுத்துச் சிரட்டையின் வாயில் கட்டிக் காயவிட்டாள். கழுத்துக்கு மூங்கில். நரம்புகள் இரண்டும் வாப்பாவின் பழைய சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்தெடுத்த இழைகள். பூவரசங் கம்பை வளைத்து வில் செய்தாள், ஆனால் வில்லுக்கு எதைக் கட்டினாலும் சரிவரவில்லை. மீன்காரரிடம் வாங்கிய தங்கூசி என்ற நைலோன் இழை கம்பியில் வழுக்கிக்கொண்டு போனது. மாட்டு வால் முடி நல்லதென்று அவளுக்குத் தோன்றியதுதான். ஆனால் இறைச்சிக் கடையில் போய் நின்று மாட்டு வாலைக் கேட்க ஒரு குமர்ப் பிள்ளையால் முடியுமா? அதனால் வியாழக்கிழமைகளில், உம்மா புதைப்பதற்கு முன்பாக, கிடுகிலிருந்து தன் சுருள்களை எடுத்துச் சிக்கெடுத்து நேராக்கிச் சேர்த்து வைத்தாள். விரற்கடைத் தடிப்பு வந்ததும் வில்லில் கட்டி, சாம்பிராணிக் கட்டியால் தேய்த்து, கம்பியில் வைத்து இழுத்தபோது, கிணற்றடியில் நின்ற எனக்குப் பக்கத்தில் யாரோ கதைப்பதுபோல இருந்தது.

அந்தச் சந்தோஷம் எங்களுக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. பள்ளிவாசலில் பயான் பேச வந்த ஒரு மௌலவி நரம்பு வாத்தியம் கூடாது என்று சொல்லிப் போயிருந்தார். அதற்குப் பிறகு ராத்தாவுக்குக் கல்யாணம் பேசிய ஓரிடம் காரணம் சொல்லாமல் விலகியது, மற்ற இடம் காரணத்தைச் சொல்லியே விலகியது: "பிடில் அடிக்கிற புள்ளையாமே." எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ராத்தாவுக்கென்று வாப்பா எங்கள் வளவிலேயே வீடு கட்டி முடித்துவிட்டார். அதன் யன்னல்கள் பூட்டியே கிடந்தன, போகிற வருகிறவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார்கள். மூன்றாவதாக ஒலுவில் ஊரில் ஓரிடம் பேசிவந்தது. மாப்பிள்ளையின் தாயும் அவர் மகளும் பெண் பார்க்க வருவது அந்தச் சனிக்கிழமை. இதுவும் தட்டிப்போனால் ராத்தாவோடு நிற்காது, பின்னால் சின்னவளான நானும் இருக்கிறேன் என்று உம்மா வாப்பாவிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

பத்தரை மணிக்கு வேன் வந்து நின்றது. வழியெல்லாம் யுத்தகாலச் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வந்த களைப்பு அவர்கள் முகத்தில் தெரிந்தது. வேனின் சத்தம் கேட்ட நொடியில்தான் உம்மாவுக்குக் கட்டிலுக்குக் கீழே ராத்தா வைத்திருந்த பிடிலின் நினைவு வந்தது. வருகிற பெண்கள் அறைகளையெல்லாம் பார்ப்பார்கள். உம்மா அதை இழுத்தெடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு தரம் சுற்றி, கடைசியில் குசினிக் கதவு நிலைக்கு மேலிருந்த இடைவெளியில் பிடிலையும் வில்லையும் சேர்த்துத் தள்ளிவிட்டார். வில்லில் இன்னும் தங்கூசிதான் இருக்கிறதென்று நினைத்தபடியால் அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. வாயைத் திறப்பதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஆண்கள் முன்பக்கம் வாப்பாவோடு இருந்தார்கள். பெண்களுக்குக் குசினியை அடுத்த அறையில் பன்பாய் விரித்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் மெலிந்த, நிமிர்ந்த பெண். கணவர் இறந்தபின் தனியாக நின்று மூன்று ஆண்மக்களையும் ஒரு மகளையும் ஆளாக்கியவர். மகள் தாய்க்கு நேர்மாறு, சிரித்த முகம். ராத்தா முக்காடு போட்டுக்கொண்டு குசினிக்குள் நின்றாள். உம்மா சர்பத்தும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தார்.

அப்போது கச்சான் எழும்பியது. குசினியின் பின்பக்கம் திறந்தபடி இருக்கும். காற்று அதனூடாக நேரே வந்து கதவு நிலையில் மோதும். நிலைக்கு மேலிருந்து மெல்லிய முனகலொன்று வந்தது. உம்மா இருமினார். முனகல் நின்று, மறுபடி வந்தது, இந்தமுறை கொஞ்சம் உயர்ந்து.

"உங்கட வீட்டுல குளவி கூடு கட்டியிரிக்கா மாமி?" என்று மகள் கேட்டார்.

"ஓம் புள்ள" என்றார் உம்மா. "கிடுகுக்குள்ள. எத்தின தரம் கலைச்சும் போகுதில்ல."

"பாட்டுப் படிக்கிற குளவி போல."

காற்று பலத்தது. நான் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கக் கூடாதென்று தெரிந்தும். வில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து, ஒரு முனை சரிந்து, கதவின் நடுவில் தொங்கியது; அதன் பின்னால் சிரட்டையும் விளிம்பில் எட்டிப் பார்த்தது. நீளக் கறுப்பு முடி வெளிச்சத்தில் பளபளத்தது.

மாப்பிள்ளையின் தாய் சர்பத் கிளாஸைப் பாயில் வைத்தார். மகளின் கையிலிருந்த வட்டிலப்பத் தட்டையும் வாங்கிக் கீழே வைத்தார்.

"இது ஆர்ட முடி?"

உம்மாவும் அப்போதுதான் முடியைக் கண்டார்.

"வாசல் நிலைக்கு மேல பொம்புள முடி. கம்பி சுத்தின சிரட்டை. தோல். வந்ததில இருந்து மூக்கில சாம்பிராணி." அவர் குரலை உயர்த்தவேயில்லை. "என்ட மூத்தவனையும் ஒரு வீட்டுல இப்பிடித்தான் கட்டிப் போட்டாங்க. மூணு வருஷமா உம்மா உசிரோட இரிக்காளா எண்டு எட்டிப் பாக்கல்ல. இப்ப ரெண்டாவதுக்குமா?"

"அல்லாஹ்வுக்காக, அப்பிடி ஒண்டுமில்ல" என்றார் உம்மா. ஆனால் அவர் கண்கள் குசினிக்குள் நின்ற ராத்தாவை நோக்கித் திரும்பியதை நான் பார்த்தேன். ஒரு நொடி உம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பார்வைதான் அன்று எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. கல்யாணம் போவது ஒன்று. சூனியக் குடும்பம் என்ற பேர் ஒலுவில் வரைக்கும் போனால் அதை எந்த முருங்கையடியிலும் புதைக்க முடியாது.

ராத்தா வெளியே வந்தாள். "அது என்ட முடி மாமி. வில்லுக்குப் போட்டது."

"வாய மூடு புள்ள" என்றார் உம்மா.

"என்ன வில்லு?"

"பிடில் மாமி. நான் செஞ்சது."

மாப்பிள்ளையின் தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பிடியெண்டா வாசி. வாசிச்சுக் காட்டு. இல்லாட்டி நான் இப்பவே எழும்புறன்."

வாசிக்காவிட்டால் வசியக்காரி, வாசித்தால் இரண்டு இடத்தைக் கலைத்த அதே பிடில்காரி. முன்பக்கத்தில் ஆண்களின் பேச்சு ஓய்ந்திருந்தது. ராத்தா என்னைப் பார்த்தாள். நான் முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அவள் ஏறி இரண்டையும் எடுத்து, பாயில் உட்கார்ந்து, சிரட்டையை நெஞ்சில் சாய்த்து வில்லை வைத்தாள். முதல் இழுப்பில் கம்பி கீச்சென்று கத்தியது. முற்றத்துக் கோழிகள் கலைந்து ஓடின.

மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உம்மா, இந்தச் சத்தத்துக்கு எந்த ஜின்னும் கிட்ட வராதும்மா."

தாய் சிரிக்கவில்லை. "பொறு. திரும்ப வாசி" என்றார்.

ராத்தா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது முறை வில் பிடித்தது. அவள் வாசித்தது எங்கள் பக்கத்தில் எல்லாத் தாய்மாரும் தொட்டிலாட்டும்போது இழுக்கிற தாலாட்டு. சொல் இல்லாமல் அந்த ராகம் மட்டும் அறைக்குள் ஏறி இறங்கியது. ஓரிடத்தில் அவள் தடுக்கினாள். அப்போது மாப்பிள்ளையின் தாய், வேறெங்கோ பார்த்தபடி, அந்த இடத்தை வாய்க்குள் முனகிக் காட்டினார். "அதுல இறங்கி வரணும்" என்றார். ராத்தா இறங்கி வந்தாள்.

தாலாட்டு முடிந்தது. நான் சர்பத் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். வசியமிருக்கிற வீட்டில் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். பிறகு மாப்பிள்ளையின் தாயின் கை நீண்டது; அவர் கிளாஸை எடுத்து, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

"முடிய மாத்துங்க" என்று உம்மாவிடம் சொன்னார். "பொம்புளட முடி வெளிய கிடக்கப்படா. மத்தபடி இது உங்கட மகள் இரிக்கப்போற வீடு. கேக்கப்போறது அவன்ட காது. அவன் நித்திரையானா ஷெல் விழுந்தாலும் எழும்ப மாட்டான்." எழும்பும்போது ஏதோ மறந்ததைப்போல நின்று, "அந்த வட்டிலப்பத்துல ரெண்டு துண்டு வாழையிலையில கட்டித் தாங்க. மகனுக்கு" என்றார்.

உம்மா குசினிக்குள் போய் அழுதுவிட்டுத்தான் இலையை வெட்டினார்.

ஆனாலும் உம்மாவின் பயம் அடங்கவில்லை. "அந்த மனிசிக்கு வழியில வயித்த வலிச்சாலும் நாமதான் செஞ்சம் எண்டு வரும்" என்று பின்னேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சாவடிகளில் பாதையை மூடுவதற்குள் அவர்கள் ஒலுவில் போய்ச் சேர்ந்த செய்தி வந்தபிறகுதான் அடுப்பை மூட்டினார். மஃரிப் தொழுகைக்கு முன் வில்லிலிருந்த முடியை ராத்தாவே அவிழ்த்துக் கொடுக்க, உம்மா அதை முருங்கையடியில் ஆழமாகப் புதைத்தார்.

ராத்தாவின் வீடு 2004 இல் சுனாமி அலையோடு போனது. அன்று எங்கள் மச்சானாகிவிட்ட ஒலுவில் மாப்பிள்ளை பிள்ளைகளையும் ராத்தாவையும் கூட்டிக்கொண்டு சவளக்கடைப் பக்கம் வயலுக்குப் போயிருந்ததால் அவர்கள் மிஞ்சினார்கள். கட்டிலடியில் இருந்த பிடில் மிஞ்சவில்லை. மச்சான் தன் தாய் மௌத்தாகும்வரை ஒவ்வொரு வெள்ளியும் ஒலுவிலுக்குப் போய்வந்தார், போகத் தவறிய ஓரிரு வெள்ளிகளில் ராத்தா அவரோடு கதைக்கமாட்டாள். நான் இப்போது இருக்கும் வீட்டின் கூரையில் கிடுகும் இல்லை, இடுக்கும் இல்லை. சீப்பில் வரும் முடி பொலித்தீன் பைக்குள் போய் மாநகர சபையின் டிராக்டரில் ஏறுகிறது. கச்சான் எழும்பும் நாட்களில் என் கண் இன்னும் கதவு நிலைக்கு மேலே போய் வருகிறது.

அவர்கள் வந்துபோன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சுபஹு தொழுகை முடிந்ததும், கோழிக்கூடு திறப்பதற்கும் முன்னால், உம்மா வாசலுக்குப் போய் சைக்கிளை உருட்டிய வாப்பாவை நிறுத்தி ஏதோ சொன்னார். வாப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார், பிறகு ஒன்றும் கேட்காமல் போனார். திரும்பி வந்தபோது ஹாண்டிலின் ஒரு பக்கம் பாண் தொங்கியது, மறுபக்கம் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு மாட்டு வால்.