வெண்கலப் பெண்ணின் ஃபிளாஸ்க்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு நிப்யாவின் பேக்கரியில் அடிபட்ட செய்தி இது: தாவரவியல் பூங்காவில் சிற்பக் கண்காட்சி நடக்கிறதே, அங்கே உட்கார்ந்திருக்கும் வெண்கலப் பெண்ணின் அக்குளிலிருந்து ஃபிளாஸ்க்கை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். ஏழே முக்காலுக்கு அந்த ஃபிளாஸ்க் பழைய உலோகக் கடையில் எடைக்குப் போய்விட்டது. எட்டு மணிக்குக் காவலாளியும் கூட்டு. எட்டேகாலுக்கு அந்தக் காவலாளியே கடைக்குள் நுழைந்து அரை டஜன் பிஸ்கோச்சோ பன் கேட்டார்.

“ஃபிளாஸ்க்க வித்ததுல எவ்வளவு தேறிச்சு, தோன் எல்பியோ?” என்றாள் நிப்யா, மாவுக் கையைத் துடைத்தபடி.

எல்பியோ தெச்செராவுக்கு அறுபத்து மூன்று வயது. பூங்காவில் பகல் காவலுக்கு வந்தது சமீபத்தில்தான். அதற்கு முன்பு இருபத்திரண்டு வருடம் மான்டிவிடியோவின் பேட்டை லீக் ஆட்டங்களில் கோட்டோரம் ஓடிய லைன்ஸ்மேன். தூக்கிய கொடியை ஒருமுறைகூட இறக்காதவர். மனைவி பிரிந்துபோனபோது, “உங்க கண்ணோட என்னால குடித்தனம் நடத்த முடியல” என்றுதான் சொல்லிவிட்டுப் போனாளாம். ஒரு இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் நிப்யாவின் கணவன் அடித்த கோலுக்கு ஆஃப்சைடு என்று கொடி தூக்கியவர் அவர். பத்தொன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவருடைய பொட்டலத்தில் அடி கருகிய பிஸ்கோச்சோ ஒன்றாவது கட்டாயம் இருக்கும். அவரும் எதுவும் கேட்பதில்லை.

நேற்று திங்கட்கிழமை, பூங்காவுக்கு விடுமுறை; அவருக்கும்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை பூட்டும்போது ஃபிளாஸ்க் இருந்தது, தன் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார்.

“உங்க கண்ணாலயா?” என்றாள் நிப்யா. “அப்ப சரி. அந்தக் கண்ணு பாத்ததத்தான் எங்க வீட்டுல பத்தொன்பது வருஷமா பேசிக்கிட்டிருக்கோம்.”

எல்பியோ பொட்டலத்தை மறந்துவிட்டு, நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினார்.

அக்டோபர் மாதம். தெருவோரப் பிளேன் மரங்கள் பஞ்சு உதிர்க்க, ஊரே தும்மிக்கொண்டிருந்தது. வசந்தம் வந்துவிட்டது என்பதை பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்த ஊரில் யாரும் பூவைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, மூக்கால்தான். பூங்காவுக்குள் பன்னிரண்டு சிற்பங்கள். ஒரு கருங்கல், பாதி தின்ற பாலாடைக்கட்டி போல. கம்பியில் ஒரு கொக்கு. எதற்கென்றே தெரியாத மூன்று எஃகு வளையங்கள். இவற்றைச் சீந்த ஆளில்லை. கூட்டமெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்த லப்பாச்சோ மரத்தடியில், ஏழாவது சிற்பத்தைச் சுற்றி நின்றது.

வெண்கலப் பெண் ஒரு திண்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் உதிர்ந்த பூக்கள். வலது கை முழங்கால்மேல். இடது கை மடங்கி விலாவோடு ஒட்டியிருந்தது. இந்த ஊரில் இடது கை அப்படி இருப்பது ஒரே காரியத்துக்குத்தான்: அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க், அதே கையின் விரல்களில் மாத்தே என்ற இலைத் தேநீரை உறிஞ்சும் குடுவை. கல்யாணத்துக்கும் அப்படித்தான், கடற்கரைக்கும் அப்படித்தான். சிற்பத்தைப் பார்க்க வந்திருந்த இருபது பேரும் அதே கோலத்தில்தான் நின்றார்கள். அவளிடம் மட்டும் ஃபிளாஸ்க் இல்லை. திருட்டு நடந்ததற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

சாட்சிகளுக்கும் குறைவில்லை. போன வாரம் பார்த்தபோது அது உயரமாக இருந்தது என்றார் ஒருவர். இல்லை, கட்டையானது, மூடி ஒடுங்கியிருந்தது என்றாள் ஒருத்தி. மஞ்சளும் கருப்புமாக ஒரு கால்பந்து சங்கத்தின் சின்னம் ஒட்டியிருந்தது என்று ஒருவர் சொல்ல, அப்படியென்றால் திருடியவன் நல்ல காரியம்தான் செய்தான் என்றார் எதிரணி ரசிகர். எல்பியோ எல்லோரையும் அமர்த்திவிட்டு, நடுத்தர உயரம், சாதா மூடி, சின்னம் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கண்காட்சிப் பொறுப்பாளர் சுல்மா பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். சிற்பங்கள் வந்து இறங்கிய அன்று ஒவ்வொன்றையும் பார்த்து எழுதி வாங்கியது எல்பியோதான். ஏழாவது வரி அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: ‘உட்கார்ந்த பெண், வெண்கலம், ஃபிளாஸ்க்குடன்.’

சிற்பிக்கு ஃபோன் செய்து கேட்டாயிற்று என்றார் சுல்மா. ஃபிளாஸ்க்கே கிடையாது, அவள் காற்றை அணைத்திருக்கிறாள், பலகையில் தலைப்பைப் படிக்கவில்லையா என்று அந்த அம்மா கேட்டாராம். ஆனால் அவர் முப்பது வருடமாக வெளிநாட்டில் இருப்பவர். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எதுதான் ஞாபகம் இருக்கிறது? சுல்மா நம்பியது பதிவேட்டைத்தான்.

“ஃபிளாஸ்க்கோட வாங்கியிருக்கோம். இப்ப இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இருந்துச்சுன்னு நீங்க சொல்றீங்க. அப்படின்னா ராத்திரிதான் போயிருக்கு.”

இரவுக் காவல் வாஷிங்டன் என்ற பையனுடையது. இரட்டைக் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. காவல் நேரத்தில் ஒருமுறை தூங்கிப் பிடிபட்டவன். நாளைக் காலைக்குள் விளக்கம் வராவிட்டால் அவனுக்கு வேலை போய்விடும் என்றார் சுல்மா. தன் தலை தப்பியதில் எல்பியோவுக்கு முதலில் ஒரு பெருமூச்சு வந்தது. வந்ததற்காக உடனே வெட்கமும் வந்தது.

மதியம் நிப்யா வந்தாள். ஒரு கையில் அவர் மறந்த பொட்டலம், மறு அக்குளில் அவளுடைய ஃபிளாஸ்க். காலையில் தான் விட்ட கதை வாஷிங்டன் வீட்டுவரை போய்விட்டது, அவன் மனைவி அழுகிறாள் என்று கேள்விப்பட்டு, அவளுக்கு மனம் உறுத்தியிருந்தது. யாரையும் கேட்காமல், சிற்பத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போனாள். தன் ஃபிளாஸ்க்கை வெண்கல அக்குளில் செருகினாள். அச்சில் வார்த்ததுபோல் அது உட்கார்ந்துகொண்டது. கூட்டம் கை தட்டியது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? காணாமல்போன ஃபிளாஸ்க் திரும்ப வந்துவிட்டது என்று இரண்டு மணிக்குச் சொன்னார்கள். திரும்ப வந்ததென்றால் எடுத்தவன் பயந்துவிட்டான் என்று இரண்டரைக்கு. பயந்தவன் யார், வாஷிங்டன்தானே என்று மூன்றுக்கு.

எல்பியோ அந்த ஃபிளாஸ்க்கை வெளியே எடுக்கப் போனார். உருவிய கையோடு, வாழ்நாளில் முதல்முறையாக அந்த இடுக்குக்குள் குனிந்து பார்த்தார். ரம்பம் பட்ட தடம் இல்லை. ஒட்டு விட்ட வடு இல்லை. சட்டைக்கையின் மடிப்புகள் அக்குளுக்குள்ளேயும் விடாமல் ஓடின. ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை. ஃபிளாஸ்க்கின் அடிப்பாகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சிற்பியின் கட்டைவிரல் ரேகை, களிமண்ணில் பதிந்தது அப்படியே வெண்கலமாகி, தெளிவாகக் கிடந்தது. மேலே ஒரு பொருளைப் பொருத்த வேண்டிய இடத்தில் எவரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். முதுகுப் பிடிப்போ என்று நினைத்து ஒருவர் உதவிக்கு வந்தார்.

“யாரும் திருடல,” என்றார் எல்பியோ நிமிர்ந்து. “இங்க ஃபிளாஸ்க்கே இருந்ததில்ல. கை அப்படி இருந்துச்சு, நானா இருக்கும்னு எழுதிட்டேன்.”

“நான் பாத்தேனே,” என்றார் மஞ்சள் கருப்புச் சின்னக்காரர்.

“நீங்களும் பாக்கல. நானும் பாக்கல. வந்து குனிஞ்சு பாருங்க.”

ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். கண்காட்சி தொடங்கி மூன்று வாரத்தில் ஒரு சிற்பத்தை ஜனங்கள் உண்மையிலேயே உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு பேர் மட்டும், ஏதோ மூடி மறைக்கிறார்கள் என்று முணுமுணுத்தபடி போனார்கள். நிப்யா கடைசியாகக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள்.

“அப்படின்னா அந்த ஆஃப்சைடு?”

“அது ஆஃப்சைடுதான்,” என்றார் எல்பியோ. ஆனால் வழக்கம்போல் பளிச்சென்று வரவில்லை, ஒரு மூச்சு தாமதித்து வந்தது. அந்த ஒரு மூச்சு அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பொட்டலத்திலிருந்து கருகிய பிஸ்கோச்சோவை எடுத்துத் தானே தின்றுவிட்டு, மீதியை அவரிடம் நீட்டினாள்.

அலுவலகத்தில் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பதிவேட்டில் அடித்து எழுத விதி கிடையாது. பக்கங்களுக்கு எண் போட்டாயிற்று. உண்மையைத் திருத்துவதைவிட நிப்யாவின் ஃபிளாஸ்க்கைச் சிற்பத்திலேயே திரும்பச் செருகிவிடுவது அலுவலகத்துக்கு எளிது என்று சுல்மா மெல்ல எடுத்துச் சொன்னார். எல்பியோ மசியவில்லை. கடைசியில் ஓரத்தில் இடம் பிடித்து எழுதினார்: ‘ஃபிளாஸ்க் இல்லை. இருந்ததும் இல்லை. பார்க்காமல் எழுதியது நான்.’ தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, தெரியும்படி இரண்டு முறை அடிக்கோடிட்டார். வாஷிங்டனுக்கு வேலை தங்கியது. எல்பியோவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைக் காவல் அறையில் யாரும் பார்க்கும்படியே ஒட்டிவைத்தார்.

எல்பியோ உருவிக் கொண்டுவந்த நிப்யாவின் ஃபிளாஸ்க்தான் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது. ‘சிற்பத்தின்மீது கண்டெடுக்கப்பட்ட அந்நியப் பொருள்’ என்று எண் போட்டு, முத்திரை வைத்து, சுல்மா அதை அலமாரியில் பூட்டிவிட்டார். விசாரணைக் கோப்பை மூடினால்தான் வெளியே வரும். விசாரணையே நடக்காததால் கோப்பை எப்படி மூடுவது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

அதனால் தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் நிப்யா வெறும் மாத்தே குடுவையோடு பூங்கா வாசலுக்கு வருகிறாள். எல்பியோ தன் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றுகிறார். இது கணக்கில் சேராது, எனக்கு என் ஃபிளாஸ்க்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவள் உறிஞ்சுகிறாள். அடுத்த வாரம் வந்துவிடும் என்கிறார் அவர். இதோடு ஆறு வாரமாயிற்று.