திருப்பிவைத்த டைலும் ஸ்டெல்லாவும்

ஸ்டெல்லா போய்விட்டாள். நேற்று காலையில் ஹாஸ்டல் குரூப்பில் மெசேஜ். தென்னேரியில் அடக்கம் முடிந்து ராத்திரிதான் பெரிய காஞ்சிபுரம் திரும்பினேன்...

எல்லோரும் அவளைப் பற்றி நல்லதாக எழுதுகிறீர்கள். நான் உண்மையை எழுதுகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை. இருபது வருஷப் பொறாமை.

சென்னையில் எங்கள் யுனிவர்சிட்டி பெண்கள் விடுதி வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். செங்கல் வளைவுகள், தேக்குப் படிக்கட்டு, நடுவில் முற்றம், சாப்பாட்டு ஹால் முழுக்கப் பூப்போட்ட டைல்ஸ். நாங்கள் இருவரும் எம்.ஏ. ஹிஸ்டரி, ஒரே ரூம்.

ஹாஸ்டல் டே விருந்தினருக்குக் கட்டடத்தைச் சுற்றிக்காட்ட ஒரு மாணவியை வார்டன் தேர்ந்தெடுப்பார். அந்த வருஷம் நான். அப்பா நெய்த புதுப் பட்டுப்புடவை வேறு... ஒரே அலட்டல்.

ஹாலில் ஒரே ஒரு டைலில் மட்டும் பூ தலைகீழாக இருக்கும். "இது பதிச்சவங்க செஞ்ச தப்பு" என்றேன், பெரிய மேதை மாதிரி. நெசவுக்காரர் வீட்டுப் பெண் வேறு எப்படிச் சொல்வாள்? பார்டரில் ஒரு பூ திரும்பி விழுந்தால் அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு இறங்காது.

பின்னால் நின்ற ஸ்டெல்லா, கொத்தனார் மகள், மெதுவாகச் சொன்னாள். "தப்பு இல்லம்மா அது, அடையாளம். முற்றத்து மழைத்தண்ணி அதுக்கு அடியில போவுது. அடைச்சிக்கினா எங்க தோண்டணும்னு தெரியணும்ல? எங்கப்பாகூட இப்டிதான் ஒரு கல்ல திருப்பி வெப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து.

அடுத்த மழையில் முற்றத்தில் முழங்கால் தண்ணீர். வார்டன் அந்த டைலைப் பெயர்க்கச் சொன்னார். கீழே அழகான செங்கல் கால்வாய்... உள்ளே சேறு, நாலு ஸ்பூன்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக்காட்டுவது அவள் வேலையானது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரம் பேசவில்லை. அவளோ கண்டுகொள்ளாமல் என் பக்கெட்டிலும் தண்ணீர் பிடித்து வைத்தாள். அது இன்னும் எரிச்சல்.

போன மாதம் நான் எங்கள் புடவைக் கடையில் இருக்கும்போது போன் செய்தாள். "ஹால் தரைய பேத்துட்டு கிரானைட் போடப் போறாங்களாம். வாயேம்மா, ரெண்டு பேரும் போயி என்ஜினியராண்ட பேசலாம்."

"கடையில ஆள் இல்லடி" என்றேன். பொய். அங்கே எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள்... அதனால் போகவில்லை.

தனியாகப் போயிருக்கிறாள். உடம்பு சரியில்லாமல் இருந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நேற்று அப்படியொரு கூட்டம். ஹாஸ்டல் சமையல்கார அக்காகூட இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். என் சாவுக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று நினைத்தேன். ஆமாம், அங்கேயும் பொறாமைதான்.

இப்போதைய வார்டன் என் பெயரைக் கேட்டுவிட்டு, போனில் ஒரு போட்டோ காட்டினார். தரை பிழைத்துவிட்டது. கட்டடத்தின் வரலாற்றை ஸ்டெல்லா எழுதிக் கொடுக்க, ஹால் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அந்த டைலை முதலில் கவனித்தவர் என்று அதில் என் பெயர். அவள் பெயர் எங்குமே இல்லை.

"உங்க பேரு போட்டே ஆவணும்னு ஒரே அடம் மேடம். 'அவ காட்டலன்னா நான் குனிஞ்சே பாத்திருக்க மாட்டேன்'னு சொன்னாங்க."

இதிலும் நீதான் ஜெயித்தாய். உன் இடத்தில் நான் இருந்தால் என் பெயரை மட்டும்தான் போட்டிருப்பேன்டி...

போய் வா, ஸ்டெல்லா. திங்கட்கிழமை நானே போய் உன் பெயரையும் எழுதச் சொல்கிறேன். என் பெயருக்குக் கீழே...

சரி, சரி. மேலேயே.